'ரிவர்ட்' என்றால் பதிலா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், மின்னஞ்சல் முடிவில் 'பிளீஸ் ரிவர்ட்' என்று எழுதுகிறார். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, பதில் எழுதுவதல்ல என்று எல்லோர் முன்னிலையிலும் திருத்தினேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் செய்தது சரிதானே?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி உண்மை. அதை எல்லோர் முன்னாலும் சொன்னது முழுத் தவறு.

'திரும்புதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ரிவர்ட். லண்டன்காரருக்கு அதன் பொருள் நீங்கள் சொன்னதுதான். குடியை விட்டவர் மறுபடி பழைய பழக்கத்துக்குப் போவது, குத்தகை முடிந்து நிலம் உரியவர் கைக்கு வருவது எல்லாம் ரிவர்ட். ஆனால் நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் 'பதில் தருக' என்ற பொருளில் அது வேரூன்றிப் பல காலம் ஆகிறது. ஆக்ஸ்போர்டு அகராதியே இந்திய ஆங்கிலம் என்று குறிப்பிட்டு இந்தப் பொருளைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பெண் இட்டுக்கட்டவில்லை. தனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறார். உங்கள் பழைய மின்னஞ்சல்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அரசு அலுவலகங்களில் இதற்கு இன்னொரு கனமான பொருள் உண்டு. தற்காலிகப் பதவி உயர்வில் இருப்பவரைப் பழைய பதவிக்கே இறக்கிவிட்டால் 'ரிவர்ட் பண்ணிட்டாங்க' என்பார்கள். ரயில்வேயில் அப்படி இறக்கப்பட்ட பர்ஷோத்தம் லால் திங்ரா உச்ச நீதிமன்றம் வரை போனார். தற்காலிகப் பதவியில் நீடிக்க அவருக்கு உரிமை இல்லை, ஆகவே அது தண்டனை ஆகாது என்று 1957 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பணியாளர் வழக்குகளில் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அரசு ஊழியருக்கு இந்தச் சொல் காதில் விழுந்தாலே வயிற்றில் புளி கரைக்கும்.

அதனால் 'ரிப்ளை' என்று எழுதுவதே நல்லது. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் கட்டாயம், அவர் குழம்பினால் வேலை நின்றுவிடும். 'ரிவர்ட் பேக்' வேண்டவே வேண்டாம். திரும்புவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வளவையும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாமே? ஆங்கிலத்துக்குப் பயந்தே கூட்டங்களில் வாய் திறக்காத, வேலையில் கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சபையில் தலைகுனிய நேர்ந்தால், அடுத்த மின்னஞ்சலுக்கே கை நடுங்கும். நாளைக் காலை அவரிடம் போய், "எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று சொல்லுங்கள். அப்புறம் ரிப்ளையைப் பற்றிப் பேசுங்கள்.