உள்ளூர்க்காரருக்கு எதற்குத் தரிசன புரோக்கர்?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம். லீவுக்குத் திருப்பூரிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. பிள்ளைகள் நான்கு பேர். தெரிந்தவர் ஒருவர், “தலைக்கு 500 ரூபாய் கொடுங்கள், கூட்டமே இல்லாமல் மீனாட்சியைக் காட்டி ஊரையும் சுற்றிக் காட்டுகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சிறப்பு தரிசனத்துக்குக் கோயிலே சீட்டு தருகிறது. அம்மன் சந்நிதிக்கு மட்டும் 50 ரூபாய், சுவாமி சந்நிதியும் சேர்த்து 100 ரூபாய். உங்களிடம் 500 வாங்குகிறவரும் பெரும்பாலும் இதே சீட்டைத்தான் எடுத்துத் தருவார். ரசீது இல்லாமல் கைமாறும் பணத்துக்குப் பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இந்தக் கட்டணத்தை நான்கு கோபுர வாசலிலும் ஆள் உயர எழுத்தில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் வருகிறார்கள் என்றால் கதை வேறு. திருக்கல்யாணத்துக்கு 200, 500 ரூபாய்ச் சீட்டுகளைக் கோயில் இணையதளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். கிடைத்ததாகத் தகவல் வந்த பிறகு, அடையாள அட்டையோடு போய் அனுமதிச் சீட்டை வாங்க வேண்டும். பதிந்தாலே கிடைத்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். சீட்டு இல்லாதவர்கள் தெற்குக் கோபுரம் வழியாக இலவசமாகப் போகலாம், முந்தியவருக்கே இடம். மூட்டுவலிக்காரர் அந்தக் கூட்டத்தில் நிற்கவே கூடாது. அன்று ‘பாஸ் இருக்கிறது’ என்று சித்திரை வீதியில் காதைக் கடிப்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

மற்ற நாளில் உள்ளூர்க்காரருக்கு நேரம்தான் பலம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போவதை விடுங்கள். வாரநாளில் விடியற்காலை நடை திறந்ததும் அம்மாவை அழைத்துப் போங்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தி நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். இரவில் சொக்கநாதர் பள்ளியறைக்கு எழுந்தருளுவதையும் அக்கா ஒரு நாள் பார்க்கட்டும். 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போன் உள்ளே கூடாது, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். “மாடியிலிருந்து கோபுரம் பார்க்கலாம், இலவசம்” என்று கூப்பிடுகிறவர் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது கைவினைப் பொருள் கடையில். அதில் அவருக்குக் கமிஷன் உண்டு.

பிள்ளைகளுக்கு மேலமாசி வீதி. 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது அங்கே ஒரு வீட்டு மாடியில்தான். அங்கிருந்து நேராகக் காந்தி மியூசியம் போங்கள். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். அரையாடை எடுத்த ஊருக்கே அந்தத் துணியும் வந்து சேர்ந்திருக்கிறது, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

ஒரு மாலை கீழக்குயில்குடி சமணர் மலை. அம்மா அய்யனார் கோயில் பக்கம் தாமரைக் குளத்தருகே ஆலமர நிழலில் இருக்கலாம், இளசுகள் படியேறிப் பேச்சிப்பள்ளத்தில் சமணச் சிற்பங்களைப் பார்த்து வரட்டும். தண்ணீர் கொண்டுபோங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள் இருக்கும் இடத்துக்கு ஒழுங்கான கழிப்பறை வசதி செய்து வைக்க இவ்வளவு யோசனை!

கீழடியை விடவே கூடாது. ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து கீறிய பானை ஓடுகளும் தாயக்கட்டைகளும் உண்டு. ‘ஆதன்’ என்ற பெயரைப் பிள்ளைகளே எழுத்துக் கூட்டிக் கண்டுபிடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். கீழடிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. காந்தி மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டையும் பார்த்துக்கொண்டு வண்டி பேசுங்கள்.