ஆலங்கட்டியும் புளியமரமும் – கடிதம், பதில்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறேன். கார்புரேட்டர் வைத்த பழைய 110 சிசி வண்டி. போன சித்திரையில் சாயங்காலம் திரும்பும்போது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினேன். மழை விட்ட பிறகு, ரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற இடத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பத்துப் பதினைந்து தடவை செல்ஃப் அடித்தும் கிளம்பவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்றார் மெக்கானிக். மழைக்காலத்தில் டயரில் காற்றைக் குறைத்தால் வழுக்காது என்கிறார்கள், அது சரியா? மாதம் ஒருமுறை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஐப்பசிக்குள் என்னென்ன சரிசெய்துகொள்ள வேண்டும்?

மன்னார்குடி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கல் விழுந்ததைவிட நீங்கள் ஒதுங்கிய இடம்தான் என்னைப் பதறவைத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆலங்கட்டி என்றாலே அதோடு இடிமேகம் இருக்கிறது என்று அர்த்தம். சமதரையான வயல்வெளியில் தனியாக நிற்கும் மரம்தான் மின்னலுக்கு வாகான இடம். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். வேர் வழியாகத் தரையிலும் பரவும். கோடைமழைக் காற்றில் முறிகிற கிளை வேறு. டயர் ரப்பர் என்பதால் பைக்கில் இருப்பவருக்கு ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. காருக்குள் இருப்பவரைக் காப்பது அதன் இரும்புக் கூடுதான், டயர் இல்லை. பைக்குக்குக் கூடு ஏது? இருபுறமும் வயலாக உள்ள கரை ரோட்டில் போகும்போது அங்கே உயரமாக இருப்பது நீங்கள்தான்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உடனே ஒதுங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். மழை விட்டதும் கிளம்புகிற பழக்கம் நம்மிடம் எல்லோருக்கும் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். காரைக்கால் ரேடார் படத்தை வானிலைத் துறையின் தளத்தில் பார்க்கலாம். தஞ்சாவூரில் வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் இவற்றைப் பார்ப்பது, பாதி வழியில் முடிவெடுப்பதைவிட நல்லது.

எங்கே ஒதுங்குவது? இதை மழையில் தேடக் கூடாது, வெயிலிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வழியில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கான்கிரீட் கூரை உள்ள இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடக் கட்டடம், ரேஷன் கடை, கல்யாண மண்டபம், எதுவானாலும் சரி. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கொட்டகை வேண்டாம். காற்று கூரையைத் தூக்கிவிடும். விளம்பரத் தட்டியின் அடியிலும் மின்கம்பத்தின் பக்கத்திலும் நிற்கக் கூடாது. வண்டியை ரோட்டோரத்தில் விளக்கு எரிய நிறுத்தவும் கூடாது. கண் தெரியாத மழையில் பின்னால் வருபவர், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அந்த விளக்கைப் பார்த்தே வருவார். ரோட்டை விட்டு நன்றாக இறக்கி நிறுத்துங்கள்.

நம் பகுதியில் கல் விழுவது அபூர்வம். இங்கே கோடையில் தண்ணீர் உறையும் அளவுக்கான குளிர் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது என்பதால் சின்னக் கட்டிகள் வழியிலேயே கரைந்துவிடும். தரைக்கு வந்து சேர்வது மேலே பெரிதாகக் கிளம்பியவை. வருவதற்கு அடையாளம் உண்டு. புழுக்கமாக இருந்த சாயங்காலத்தில் திடீரென்று ஜில்லென்று காற்று புழுதியோடு எதிரே அடிக்கும். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அது. அது முகத்தில் பட்டால் உங்கள் கையில் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. ‘இன்னும் நாலு கிலோமீட்டர்தானே’ என்று முறுக்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

முறுக்குவதால் அடியும் கூடுகிறது. ஒரு சென்டிமீட்டர் கட்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. நீங்கள் 60-இல் போனால் அது உங்கள் மேல் படுகிற வேகம் 70-ஐத் தாண்டும். அடியின் ஆற்றல் நிற்பவர் வாங்குவதைப்போல மூன்று மடங்குக்கு மேல். தலையை ஹெல்மெட் பார்த்துக்கொள்ளும். புறங்கையிலும் தோள்பட்டை எலும்பிலும் படும்போது கை தானாக ஹேண்டில்பாரை விடும், விழுவது அதனால்தான். கல்மழை பிடித்துக்கொண்டால் வேகத்தை மெதுவாகக் குறையுங்கள், முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள், கட்டிகள் ரோட்டில் கோலிக்குண்டுபோல உருளும். அடர்த்தியான கல்மழை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

டயர் காற்றைக் குறைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். ரோட்டில் நிற்கும் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளுவது டயருக்குள் இருக்கும் அழுத்தம்தான். அது குறைந்தால் குறைந்த வேகத்திலேயே டயர் தண்ணீர் மேல் மிதக்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒருவருக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று என்று அளவு இருக்கும். அம்மா வரும் நாளில் பின் டயருக்கு இருவர் அளவை வையுங்கள். காற்றைவிட முக்கியம் டயர் பள்ளம். பள்ளத்துக்குள்ளே சின்ன ரப்பர் மேடு இருக்கும், டயர் ஓரத்தில் முக்கோணக் குறி அதைக் காட்டும். தேய்மானம் அந்த மேட்டை நெருங்கிவிட்டால் ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டாம்.

50 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த ரோட்டில், பிரேக் பிடித்த பிறகு ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கலாம். நனைந்த ரோட்டில் 25 மீட்டர் ஆகும். கை பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடியில் ஓடும் 14 மீட்டர் தனி. டெல்டாவில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. குறுவை அறுவடையும் மழைத் தொடக்கமும் பல இடங்களில் ஒன்றாக வரும். வயலிலிருந்து ஏறும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் களிமண்ணை ரோட்டில் அப்பிவிட்டுப் போகும். தூறல் விழுந்ததும் அது வெண்ணெய். அங்கே நிற்பதற்கு 25 மீட்டரும் போதாது. வயல் இறக்கங்களைக் கண்டால் முன்கூட்டியே கியரைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, பிரேக் தொடாமல் கடந்துவிடுங்கள். நனைந்த வைக்கோலும் அப்படித்தான். இரவில் ரோட்டில் நெல்லைத் தார்ப்பாயால் மூடி ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், மழையில் அந்தக் கல் தெரியாது. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும்.

இப்போது தண்ணீர். சக்கரத்தின் நடுஅச்சு மூழ்கும் ஆழம்தான் எல்லை. ஓடும் தண்ணீர் என்றால் அந்தக் கணக்கும் கிடையாது. தரைப்பாலத்தின் மேல் வாய்க்கால் புரண்டு ஓடினால் திரும்பிவிடுங்கள், விளிம்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேங்கிய தண்ணீரில் முதல் கியர், பாதி கிளட்ச், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்துப் போக வேண்டும். வெளிவரும் புகை சைலன்சருக்குள் தண்ணீரை விடாது. உங்கள் வண்டியில் கார்புரேட்டரின் காற்றுக்குழாய் கீழே தொங்கும். அதன் வாய் மூழ்கினாலே பெட்ரோல் வரத்து தடுமாறி வண்டி நின்றுவிடும். இன்ஜினில் எந்தக் கோளாறும் இருக்காது.

நின்ற பிறகு நீங்கள் செல்ஃப் அடித்ததுதான் பிழை. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே போனால் அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளையும். அடுத்த முறை சாவியை அணைத்துத் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து பத்துப் பதினைந்து தடவை கிக்கரை மிதித்தால் தண்ணீர் பிளக் துளை வழியாகத் தெறிக்கும். கிக்கர் இல்லாத வண்டியை டாப் கியரில் போட்டுத் தள்ள வேண்டும். ஏர் ஃபில்டரைப் பாருங்கள், கார்புரேட்டர் அடித் திருகைத் தளர்த்திக் கலங்கிய பெட்ரோலை வடியுங்கள். பிறகு ஆயில். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் தண்ணீர் முழுதும் போகாது.

தண்ணீரைக் கடந்ததும் டிரம் பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி ஐம்பது, நூறு மீட்டருக்கு லேசாக மிதித்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

புயல் நாளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு வண்டி எடுக்கக் கூடாது. ஒன்று மட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயலின் கண் மேலே வரும்போது காற்று அடங்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். அந்த இடைவெளியில் தென்னை விழுந்ததைப் பார்க்க வண்டியில் போகக் கூடாது. புயலுக்கு மறுநாளும், அறுந்து தண்ணீரில் கிடக்கும் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு: பின்னால் குடை வேண்டாம். காற்று ஒரு பக்கமாக இழுத்தால் இருவரும் சாய்வீர்கள். போர்வைபோல் தொங்கும் மழைக்கோட்டும் வேண்டாம். சட்டையும் பேண்ட்டுமாக உள்ள ரெயின்கோட் வாங்குங்கள். புடவை மேல் பேண்ட் சரிப்படாது என்றால் மேல்கோட்டு மட்டும் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகச் சொல்லுங்கள். பின் சக்கரத்தில் புடவைத் தடுப்பு இருக்கிறதா, ஆடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆஸ்பத்திரித் தேதியை மாற்ற முடியாமல் அன்றைக்கு மழையும் இருந்தால், அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

அன்புடன்