பழைய கார் ஆசையும் துருவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய கார் வாங்குவது பற்றித்தான். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, கான்டெஸா என்று எல்லாமே வந்திருக்கின்றன. ஆனால் இன்ஜின் எப்படி, பார்ட்ஸ் கிடைக்குமா என்றுதான் கேட்கிறீர்களே தவிர, தகரம் எப்படி இருக்கிறது என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதுதான் கவலை, அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

1974 மாடல் அம்பாசடர் மார்க் 2 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போன மாதம்தான் முழு பெயின்ட் அடித்தார்களாம், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இரண்டேகால் லட்சம் சொல்கிறார்கள். என் தாத்தா வைத்திருந்ததும் இதே வெள்ளை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? (கும்பகோணம்)

இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். விற்பதற்கு முந்தின மாதம் ஒருவர் எதற்காகக் கைக்காசு போட்டு பெயின்ட் அடிக்கிறார் என்று முதலில் யோசியுங்கள்.

பத்து வருஷத்துக்கு முன் எனக்கே நடந்தது. மார்க் 3, கரும்பச்சை, பார்த்ததுமே மனசு போய்விட்டது. இடது பக்கக் கதவுக்குக் கீழே பெயின்ட்டில் மிளகு அளவுக்கு இரண்டு கொப்புளம் இருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் வாங்கினேன். மழைக்காலம் முடிந்து ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது டிங்கர் அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத்தான் குத்தினார், கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. சுரண்டச் சுரண்ட பட்டி (பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கப் பூசும் பசை) அரை அங்குல கனத்துக்கு ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின்னால் கோணித் துண்டும் சுருட்டி அடைத்த செய்தித்தாளும். தாள் ஊறிக் களி மாதிரி ஆகியிருந்தது, ஒரு மூலையில் மட்டும் நகைக்கடை விளம்பரம் படிக்கிற மாதிரி இருந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் கை நிறையப் பழுப்புத் தூள்.

அந்தக் கொப்புளம் ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். இரும்பு துருவாகும்போது அது அடைத்துக்கொள்ளும் இடம் பல மடங்கு பெருகுகிறது, அந்த வீக்கம்தான் பெயின்ட்டைத் தூக்குகிறது. கல் பட்டு வந்த துரு வெளியிலிருந்து உள்ளே போகும், அதைச் சரிசெய்யலாம். கொப்புளமாக எழும்பும் துரு பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வெளியே வந்தது. கண்ணில் படும்போது வேலை முடிந்திருக்கும்.

அம்பாசடரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதற்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 தான் 1950களின் கடைசியில் கொல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் அம்பாசடர் ஆனது, 2014 வரை அந்த அடிப்படை உடம்பு மாறவே இல்லை. தரைத் தகரமும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டியும் (ஒர்க்‌ஷாப்பில் ரன்னிங் போர்டு என்பார்கள்) சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங் இல்லை, நீளமான டார்ஷன் பார் (முறுங்கிக் கொடுத்து ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புக் கம்பி) இருக்கும். அதன் பின்முனை தரைக்குக் கீழே குறுக்கே போகும் சட்டத்தில் மாட்டியிருக்கும். அந்த இடம் அரித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை என்னவாக இருந்தாலும்.

சரி, போய் என்ன செய்வது? ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். ரன்னிங் போர்டு, சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டு, எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள், வழுக்கி விழுகிற இடத்தில் பட்டிதான் இருக்கிறது. அப்புறம் தரையில் விரித்த மேட்டைத் தூக்குங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுங்கள், பேட்டரித் தட்டைப் பாருங்கள். கடைசியாக ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு இறுகினாலோ லாக் ஏறாமல் இடித்தாலோ உடம்பு வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி போட வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் அதுவே பதில்.

இன்ஜின் நன்றாக இருப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்பாசடர் இன்ஜினை இறக்கிப் பிரித்து ரீபோர் செய்ய இன்றைக்கும் ஆள் கிடைக்கிறார்கள். அரித்த தரையை வெட்டி நல்ல தகரம் வைத்துக் கட்டத் தெரிந்த டிங்கரைத்தான் தேடி அலைய வேண்டும், கூலியும் இன்ஜின் வேலையைத் தாண்டிவிடும். தாத்தா கார் நிறம் என்பதால் உங்களுக்கு அவசரம் வருவது புரிகிறது. ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், உறவுக்காரர் இல்லாத ஒரு டிங்கரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாங்கள் கடற்கரை ஊர். கோயம்புத்தூர் பக்கத்து கார் வாங்கினால் துரு இருக்காது என்கிறார்கள், உண்மையா? (தூத்துக்குடி)

பாதி உண்மை. உப்பளம் சூழ்ந்த ஊரில் இருக்கிறீர்கள், ஜன்னல் கம்பியும் இரும்பு கேட்டும் என்ன கதிக்கு ஆளாகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரம் எளிதில் ஓடும், துருவும் அந்த வழியில்தான் வேகம் எடுக்கிறது. அந்தக் காலத்து தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு வேறு கிடையாது. உள்நாட்டு வண்டி அந்த வகையில் மேல்தான்.

ஆனால் ஆர்.சி. புக்கில் இருக்கும் ஊரை மட்டும் பார்க்காதீர்கள், வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். மண்தரை ஷெட்டில் ஈரத்தோடு பத்து வருஷம் நின்ற கோவை கார், மாடி வீட்டு சிமென்ட் தரையில் நின்ற சென்னை காரைவிட மோசமாக இருக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி வைத்த வண்டியும் அப்படித்தான், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை.

சென்னைப் பதிவு என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ கை மாறிப் போயின. கதவின் உள் அட்டையைக் கழற்றினால் வண்டல் படிந்த கோடு தெரியும், சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கும் சீட் நகரும் தண்டவாளமும் துருப்பிடித்திருக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் அந்த இடங்களை யாரும் கழுவுவதில்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 பார்த்து வைத்திருக்கிறேன். அதற்குத் தனி சேஸிஸ் இருப்பதால் துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார். (சென்னை, திருவான்மியூர்)

எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி. நம் வண்டலூர்ப் பக்கத்தில் செய்தது, மட்கார்டோடு சேர்த்து பானட் முழுவதும் முன்பக்கமாகச் சாயும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

நண்பர் சொல்வதில் சேஸிஸ் தனி என்பது சரி, கவலை வேண்டாம் என்பது தவறு. நடுவில் ஓடும் சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரிச் சட்டங்கள் வெளியே வரும், உடம்பு அந்தக் கைகளின் மேல்தான் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சேறும் தண்ணீரும் நேரே போய்ச் சேரும் இடம் அது. முதலில் அரிப்பதும் அந்தக் கைகள்தான், முக்கியமாக டிக்கிக்கு அடியில் இருப்பவை. கதவு இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் கை தொங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. நம் ஹெரால்டுக்கு மூலமான டிரயம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் இந்தச் சட்டங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். போல்ட்டைக் கழற்றி உடம்பைத் தூக்கிவிட்டு வேலை செய்யலாம், அம்பாசடரில் அது முடியாது. கெட்ட செய்தி, நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள். உங்கள் மார்க் 3-ன் பின்கதவு அரித்திருந்தால் உலகத்தில் எங்கே ஆர்டர் கொடுத்தாலும் கிடைக்காது, இன்னொரு மார்க் 3-ஐத் தேடித்தான் எடுக்க வேண்டும். அதனால் இன்ஜினுக்கு முன்னால் பின்கதவுகளைப் பாருங்கள்.

பெரியப்பா வீட்டு ஷெட்டில் பிரீமியர் பத்மினி 12 வருஷமாக நிற்கிறது. புது பேட்டரி மாட்டினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார். சும்மாவே தருகிறார், எடுத்துக்கொள்ளலாமா? (மதுரை)

எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரியை மட்டும் இப்போது மாட்டாதீர்கள்! முதலில் பெட்ரோல் டேங்கைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பாதி டேங்க்கோடு நின்ற வண்டியில் பெட்ரோலுக்கு மேலே இருக்கும் தகரம் முழுக்கத் துருப்பிடித்திருக்கும், அந்தத் தூள் கார்புரேட்டர் வரைக்கும் போய் அடைக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால்தான் மற்றதெல்லாம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் திரவம் என்பதால் சக்கர சிலிண்டர் எல்லாம் உள்ளே இறுகியிருக்கும், அதைப் புதுப்பிக்காமல் தெருவுக்குக் கூட எடுக்காதீர்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கு அது ஒத்துக்கொள்ளாது, எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

துருவை வெட்டாமல் கன்வெர்ட்டர் பூசி, மேலே அண்டர்கோட்டிங் அடித்துவிட்டால் போதாதா? (சேலம்)

மேலாகச் செம்பழுப்பாகப் படிந்த துருவுக்குப் போதும். கன்வெர்ட்டரில் இருக்கும் அமிலம் துருவைக் கறுப்பான கெட்டிப் படலமாக மாற்றும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் பூசினால் நன்றாகவே பிடிக்கும். விரலால் அழுத்தினால் அமுங்குகிற இடத்துக்கும் ஏடு ஏடாக உரிகிற இடத்துக்கும் அது உதவாது. நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டு செய்து, உள்பக்கமும் பாதுகாப்புப் பூச வேண்டும். பழைய தகரத்தின் மேலேயே பேட்ச் வைத்து ஒட்டினால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும், இரண்டு வருஷத்தில் இரண்டுமே போகும்.

துருவின் மேல் தார் மாதிரி கோட்டிங் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். வாங்கப் போகும் வண்டியின் அடிப்பகுதி மட்டும் புத்தம் புதுக் கறுப்பாக இருந்தால், கும்பகோணத்துக்காரருக்குப் பெயின்ட் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். வேஸ்ட் ஆயில் அடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள், புஷ் ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

50 வருஷம் தாண்டிய காருக்குத் தனிப் பதிவு உண்டாமே? (புதுச்சேரி)

உண்டு. 2021ல் கொண்டுவந்த விதி. அசல் வடிவம் மாறாத 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வி.ஏ. எழுத்து சேர்ந்த எண் தருவார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஞாயிறு தோறும் குடும்பத்தோடு போக ஆசை என்றால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்திருங்கள். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தையும் பாருங்கள், துருவில் எழுத்து போயிருந்தாலோ அங்கே பேட்ச் இருந்தாலோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் சிக்கல்தான்.

என் கணவர் கான்டெஸா வாங்கியே தீருவேன் என்கிறார். ராத்திரி பகலாக அதே வீடியோதான். மூன்று லட்சம் சேர்த்து வைத்திருக்கிறோம். தடுப்பதா, விடுவதா? (ஈரோடு)

தடுக்க வேண்டாம் அம்மா. சின்ன வயதில் அந்த வண்டி தெருவில் போகும்போது திரும்பிப் பார்த்த ஆசை அது, சொல்லி அடங்காது, எனக்கும் அடங்கவில்லை. ஆனால் மூன்று லட்சத்தையும் வண்டி விலைக்கே கொடுக்க விடாதீர்கள். பாதிக்குள் வாங்கச் சொல்லுங்கள், மீதி முதல் வருஷத்திலேயே தகரத்துக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் போய்விடும். கான்டெஸா 2002ல் நின்றுபோன வண்டி, இன்ஜின் பார்ட்ஸ் எப்படியோ கிடைத்துவிடும், மட்கார்டும் டிக்கி மூடியும் கிடைப்பது கஷ்டம். அதனால் அரிக்காத உடம்புக்கு, இன்ஜின் புகைந்தால் கூட, கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். நிறுத்தக் கூரை போட்ட சிமென்ட் இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

வாங்கிய பிறகு மாதம் ஒரு முறை செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடிய சிறு ஓட்டைகள் இருக்கும், சேறு அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் நின்று அழுகும். சைக்கிள் ஸ்போக் ஒன்றை விட்டுக் குத்தி எடுத்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை. எந்த வண்டி என்று முடிவானதும் அட்வான்ஸுக்கு முன்னால் அடிப்பகுதியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.