முதுகில் தொங்கும் பாரம்

கேள்வி: மேடவாக்கத்திலிருந்து தரமணிக்கு தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். லேப்டாப், சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை எல்லாம் முதுகுப் பையில். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் முதுகு நனைந்துவிடுகிறது. எந்தப் பை வாங்கலாம்?

பதில்: பாரத்தை முதுகிலிருந்து இறக்கி சைக்கிள்மேல் ஏற்றுங்கள். நானும் அடையாறிலிருந்து கிண்டிக்கு மிதிக்கிறவன்தான். சென்னைப் புழுக்கத்தில் வலை வைத்துத் தைத்த விலை உயர்ந்த முதுகுப் பைகூட வேர்வையை நிறுத்தாது. கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பேனியர் பை ஒன்று, 20 லிட்டர் அளவில், உங்களுக்குத் தாராளம்.

ஆனால் முதலில் கேரியரைப் பாருங்கள். கியர் சைக்கிள் பலவற்றில் அது வருவதே இல்லை. பின்சக்கர அச்சுக்கு அருகே ஃபிரேமில் திருகு போடத் துளை இருந்தால் உறுதியான கேரியர் மாட்டலாம். சீட் கம்பியை மட்டும் பிடித்து நிற்கும் கேரியர் வேண்டாம். பள்ளத்தில் விழுந்தால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். கடைக்கு சைக்கிளையே கொண்டுபோய், பையை மாட்டி மிதித்துப் பாருங்கள். குதிகால் இடித்தால் பையைப் பின்னால் தள்ளி மாட்டுங்கள். அப்படியும் இடிக்கிறதா, அந்தப் பை உங்களுக்கு இல்லை.

ஐப்பசி மழைக்கு ஜிப் பை ஆகாது. வாயைச் சுருட்டிப் பூட்டும் பையாக, தையலுக்குப் பதில் மூட்டுகளை உருக்கி ஒட்டியதாக வாங்குங்கள். மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். மேலே போர்த்தும் மழை உறையை நான் நம்புவதில்லை, சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் கீழிருந்துதானே வருகிறது!

முதுகுப் பைக்கு ஒரு நன்மை உண்டு. குலுக்கலை உடம்பு வாங்கிக்கொள்ளும். கேரியரில் அது நேராக லேப்டாப்புக்குப் போகும். அதனால் மாற்றுச் சட்டையை மடித்துப் பையின் அடியில் வைத்து, அதன்மேல் உறை போட்ட லேப்டாப்பை நிறுத்துங்கள். சாம்பார் டப்பாவை அதோடு சேர்க்கவே வேண்டாம். அதற்காக ஹேண்டில்பாரிலும் தொங்கவிடாதீர்கள். ஆடி ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் சிக்கினால் ஆளையே தூக்கியடிக்கும். கேரியரின் மேல்தட்டில் வைத்து, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இறுக்கிக் கட்டுங்கள்.

அப்புறம், பை இடப்பக்கம் இருக்கட்டும். பள்ளிக்கரணை வழியில் பஸ்ஸும் தண்ணீர் லாரியும் வலப்பக்கம் உரசிக்கொண்டு போகும். சைடு ஸ்டாண்டும் இடப்பக்கம்தான் என்பதால், பையைக் கழற்றிய பிறகே சைக்கிளை நிறுத்துங்கள். பாரத்தோடு விட்டால் சாய்ந்துவிடும்.