அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தர வாங்கும் தேர்தல் பத்திரம் சட்டப்படிதானே விற்கப்பட்டது, அதில் என்ன தவறு?

பணம் கொடுத்தவர் யார், எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்கு மட்டும் தெரியாது, அதுதான் தவறு.

2018 முதல் பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி வரையிலான பத்திரங்கள் விற்கப்பட்டன. கட்சிகள் 15 நாளுக்குள் பணமாக்கிக்கொள்ள வேண்டும். தாளில் வாங்கியவர் பெயர் இருக்காது. ஆனால் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் ஒரு ரகசிய எண் தெரியும்! வங்கியும் வாங்கியவர் விவரங்களை வைத்திருந்தது. அரசு வங்கிதானே அது.

இன்னொன்றும் நடந்தது. முன்பு ஒரு நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் நன்கொடை தரலாம். 2017இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளை அள்ளிக் கொடுக்கலாம் என்றானது. சொந்தக் கடையில் நட்டம் வரும்போது யாருக்கு இப்படித் தாராள மனம் வரும்?

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தை ரத்து செய்தார்கள். யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பெற்றது என்ற விவரங்களைத் தரச் சொன்னதற்கு ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. நீதிமன்றம் மறுத்ததும் மறுநாளே கொடுத்துவிட்டது.

அதிகம் பெற்றது மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா கட்சி. அதிகப் பத்திரங்களை வாங்கியது, 1,368 கோடி ரூபாய்க்கு, ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதலே தடை.