இன்டர்வியூவுக்கு முன் நிறுவனத்தைத் துருவுவது: கேள்விகளும் பதில்களும்

எல்லோருக்கும் முதலில் ஒன்று. போர்டில் இருக்கும் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு. இணையதளத்தின் அடியிலோ தனியுரிமைக் கொள்கைப் பக்கத்திலோ பதிவுப் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்ட பிறகே தேட ஆரம்பியுங்கள்.

முதல்வேலை: அக்கா, புதன்கிழமை இன்டர்வியூ. ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

வேலை விளம்பரத்திலிருந்து. அதை வரிவரியாகப் படித்து, இந்த ஆளை எதற்காக இப்போது எடுக்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அதுவே இன்டர்வியூவில் உங்கள் முதல் கேள்வி.

அடுத்து பதிவுப் பெயரை அரசின் நிறுவனப் பதிவேட்டில் போடுங்கள். இந்தியாவில் எம்சிஏ (நிறுவன விவகார அமைச்சகம்) தளம், பிரிட்டனில் கம்பெனீஸ் ஹவுஸ். அமெரிக்காவில் பங்குச்சந்தை நிறுவனம் என்றால், அது அரசிடம் தரும் அறிக்கைகள் கிடைக்கும் எட்கர் தளம். என்றைக்குப் பதிவானது, இன்னும் இயக்கத்தில் இருக்கிறதா என்பது ஐந்து நிமிட வேலை. 'இருபது ஆண்டு அனுபவம்' என்று தளம் சொல்லி, பதிவு மூன்று ஆண்டுக்கு முந்தையது என்றால் காரணம் கேட்கலாம். பெயர் மாற்றம், இணைப்பு என்று நியாயமான விளக்கமும் இருக்கும்.

பிறகு அவர்கள் விற்கும் பொருளைத் தொட்டுப் பாருங்கள். செயலி என்றால் கணக்குத் திறந்து, ஒரு வேலையை ஆரம்பித்து முடிவு வரை போங்கள். எந்தத் திரையில் தடுக்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் புகார்களில் அண்மைய இருபதைப் படியுங்கள். கடைசியாகச் செய்திகள், ஓராண்டுக்குள் வந்தவை மட்டும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் மூன்று நெடுவரிசையாக எழுதுங்கள்: பார்த்தது, எங்கே எந்தத் தேதியில், அதிலிருந்து கேட்கப்போகும் கேள்வி. மூன்றாவது நெடுவரிசை காலியாக இருக்கும் வரிகளை அடித்துவிடலாம்.

விற்பனைப்பிரிவு: பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம். ஆண்டறிக்கை முந்நூறு பக்கம் வருகிறது. முழுவதும் படிக்க வேண்டுமா சார்? (தவறாக அழைத்திருந்தால் மன்னிக்கவும்.)

மன்னிப்பெல்லாம் வேண்டாம். முழுவதும் வேண்டியதில்லை, வரிசையை மாற்றிப் படித்தால் போதும். தலைவரின் கடிதம் கடைசியில்.

முதலில் ஆடிட்டர் அறிக்கை. 'கோயிங் கன்சர்ன்' பற்றிச் சந்தேகம் எழுப்பியிருந்தால், அடுத்த ஓராண்டு நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்பதிலேயே கேள்வி இருக்கிறது என்று பொருள். பதவிக்காலம் முடியும் முன்பே ஆடிட்டர் விலகியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

இரண்டாவது கேஷ் ஃப்ளோ (பணம் வந்துபோன கணக்கு) பக்கம். மூன்று ஆண்டு லாபத்தையும், வியாபாரத்தில் உண்மையாகக் கைக்கு வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லாபம் 40, 45, 52 என்று ஏறுகிறது. கைக்கு வந்த பணம் 38, 20, கழித்தல் 6 என்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்றதாகக் கணக்கில் ஏறியது இன்னும் வசூலாகவில்லை, அல்லது சரக்கு தேங்கிக் கிடக்கிறது. மோசடி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வேகமாக வளரும் நிறுவனத்திலும் இப்படி வரும். ஆனால் நீங்கள் விற்பனைக்குப் போகிறீர்கள். இலக்கு விற்பனையில் கணக்கிடப்படுமா வசூலிலா, ஊக்கத்தொகை எப்போது கைக்கு வரும் என்று கேட்க இதைவிட நல்ல காரணம் கிடையாது.

மூன்றாவது, பிரிவு வாரியான வருமானம். நீங்கள் சேரப்போகும் பிரிவு வளர்கிறதா தேய்கிறதா?

அமெரிக்க நிறுவனம் என்றால் 10-கே என்ற ஆண்டறிக்கையில் 1ஏ பகுதி அபாயங்கள், 7-ஆம் பகுதி நிர்வாகத்தின் விளக்கம். அபாயப் பட்டியலில் பாதி வழக்கறிஞர்களின் வாய்ப்பாடு. அதனால் போன ஆண்டின் பட்டியலையும் திறந்து ஒப்பிடுங்கள். புதிதாக முளைத்த பத்திதான் செய்தி. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தருகின்றன. அதில் நிரந்தர ஊழியர்கள் வெளியேறும் விகிதம் மூன்று ஆண்டுக்கு இருக்கும். இதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

தேடல்: 'எங்களைப் பற்றி' பக்கத்தை நன்றாகப் படித்தால் போதாதா?

போதாது. அது அவர்கள் சொல்ல விரும்பியது. சொல்லியே ஆகவேண்டியதைத் தேடுங்கள்.

குட்டிநிறுவனம்: ஸ்டார்ட்அப். கணக்கு எதுவும் வெளியில் இல்லை.

ஒரே ஒரு வகுத்தல் போதும்: கையிருப்பு வகுத்தல் மாதம் கரையும் தொகை. 36 இருக்கிறது, மாதம் 3 கரைகிறது என்றால் 12 மாதம். உங்களையும் சேர்த்துப் புது ஆட்களை எடுத்து மாதம் 4 ஆனால் 9 மாதம்தான். கடைசிச் சுற்று இன்டர்வியூவில் நேராகக் கேளுங்கள்: "இப்போதுள்ள பணம் எத்தனை மாதத்துக்கு வரும்?" தொகையைச் சொல்ல மறுப்பது இயல்பு. மாதக் கணக்கைக்கூட மழுப்பினால் கவனம் தேவை. தலைப்புச் செய்தியில் வந்த முதலீட்டுத் தொகையை அப்படியே நம்பாதீர்கள். அதில் கடனும் இருக்கலாம், தவணையாக வரப்போவதும் இருக்கலாம்.

இரவுப்பணி: ஊழியர்கள் மதிப்புரை எழுதும் கிளாஸ்டோர் தளத்தில் ஐந்துக்கு 2.9 போட்டிருக்கிறார்கள். போகலாமா அக்கா?

சராசரியை விட்டுவிடுங்கள். தேதி வாரியாக அடுக்கி, உங்கள் பிரிவை மட்டும் எடுத்து, ஒன்றரை ஆண்டுக்குள் வந்ததைப் படியுங்கள். 'மோசம்', 'அருமை' எல்லாம் தள்ளுபடி. 'சம்பளம் பத்து நாள் தள்ளி வந்தது' போலக் குறிப்பாகச் சொன்னதை மட்டும் எழுதுங்கள். வெவ்வேறு மாதங்களில் மூன்று பேர் அதையே சொன்னால் நம்பலாம். ஒரே வாரத்தில் வரிசையாக வந்த ஐந்து நட்சத்திரங்களையும் தள்ளுங்கள்.

கணக்குப்புலி: இதை ஏற்க முடியாது. கோபத்தில் வெளியேறியவர்கள்தான் அங்கே எழுதுகிறார்கள். பெயரில்லாதவர் பேச்சுக்கும் ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்குக்கும் ஒரே எடையா?

ஆடிட்டர் கையெழுத்து கடவுள் வாக்கு இல்லை. சத்யம் என்ற ஐடி நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று தாமே ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அவையும் தணிக்கையான கணக்குகள்தாம்.

கணக்குப்புலி: அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும்தான் தெரியவில்லை. மதிப்புரை படித்திருந்தால் மட்டும் தப்பித்திருக்கலாமா?

முடியாது. இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. வங்கி இருப்பு பொய்யா என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்ல முடியாது. அதேபோல, மேலாளர் விடுப்புக் கடிதத்தை எத்தனை நாள் கிடப்பில் போடுகிறார் என்பதை எந்த ஆடிட்டரும் எழுதமாட்டார். பணத்துக்குக் காகிதம், அன்றாடத்துக்கு ஆள். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்பதுதான் தவறு.

இரவுப்பணி: என் 2.9 என்ன ஆயிற்று? கஸ்டமர் சப்போர்ட் வேலை. ஆறு பேர், ஷிஃப்ட் கடைசி நேரத்தில் மாறுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆறும் வேறு வேறு மாதம்.

அப்படியென்றால் அது உண்மை என்றே வைத்துக்கொண்டு போங்கள். "ஷிஃப்ட் பட்டியல் எத்தனை நாள் முன்பே கைக்கு வரும்? போன மாதம் எத்தனை முறை மாறியது?" என்று கேளுங்கள். எண்ணில் பதில் வந்தால் நல்லது. 'இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்' என்று வந்தால் அந்த ஆறு பேர் சொன்னது உறுதியாகிறது.

கணக்குப்புலி: இது நல்ல கேள்வி. இதில் எனக்குத் தகராறு இல்லை.

தயக்கம்: முன்னாள் ஊழியருக்கு லிங்க்டினில் எழுதலாமா? என்ன எழுதுவது?

எழுதலாம். ஓராண்டுக்குள் விலகியவராக, அதே பிரிவில் இருந்தவராகப் பாருங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம். நீங்கள் இருந்த பிரிவில் எனக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் எது கடினமாக இருந்தது என்று இரண்டு வரி சொல்ல முடியுமா? விருப்பமில்லையென்றால் பரவாயில்லை."

வாடிக்கையாளர் பெயர், சக ஊழியர் சம்பளம் எதுவும் கேட்காதீர்கள். பதில் வந்தால் அதை இன்டர்வியூவில் அவர் பெயரோடு சொல்லவே கூடாது.

புதுமுகம்: ஏஐயிடம் கேட்டால் எல்லாம் சொல்லிவிடுகிறதே?

ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு நிறுவனங்களை அது ஒன்றாகக் குழப்பும். பழைய தகவலையும் இன்றையது போலச் சொல்லும். எதைத் தேடலாம் என்று கேளுங்கள். எண்ணை மட்டும் மூல ஆவணத்தில் பாருங்கள். பதிவுப் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள், போர்டுப் பெயரை அல்ல.

அவசரம்: எனக்கும் இன்டர்வியூ. எங்கிருந்து தொடங்குவது?

முதல் பதிலைப் படியுங்கள்.

வெளியூர்வேலை: எச்.ஆர். பதிவுக் கட்டணம் கேட்கிறார். ஜிமெயிலிலிருந்து எழுதுகிறார். பெரிய நிறுவனத்தின் பெயர்தான்.

பணம் கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் காசு கேட்கமாட்டார். அந்த நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அங்கிருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலில் தந்த எண்ணில் அல்ல. அவர் ஏதாவது இணையதள முகவரி தந்திருந்தால், அது ஒரு எழுத்து கூடவோ குறையவோ உள்ள முகவரியா என்றும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இணைய முகவரி எப்போது பதிவானது என்று காட்டும் ஹூயிஸ் தேடலில் அந்த முகவரி போன மாதம் பதிவானது என்று வந்தால் முடிந்தது.

கேள்விக்குறி: சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

அது வேறு துறை. சம்பளப் பேரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சோதனை: "எங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றால் எவ்வளவு சொல்வது?

ஒரு நிமிடம். தொடங்கிய ஆண்டு, கிளைகளின் எண்ணிக்கையை ஒப்பிக்காதீர்கள், அது அவர்களுக்குத் தெரியும். "உங்கள் செயலியில் முகவரி மாற்ற நான்கு திரை தாண்டவேண்டியிருந்தது. புகார்களிலும் அதைப் பார்த்தேன். இந்த வேலையில் அது என் பொறுப்பில் வருமா?" இந்த அளவு போதும்.

இரண்டாம்சுற்று: கடைசியாக ஒன்று. தேர்வாகிவிட்டேன். ஆஃபர் லெட்டரில் நான் இன்டர்வியூ கொடுத்த நிறுவனத்தின் பெயரே இல்லை, வேறு ஏதோ பெயர்.

இதற்காகத்தான் முதல் வரியிலேயே சொன்னேன். அது அதே நிறுவனத்தின் பதிவுப் பெயராக இருக்கலாம், துணை நிறுவனமாக இருக்கலாம், ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனமாகவும் இருக்கலாம். அந்தப் பெயரைப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு மெயிலில் மூன்று கேள்வி: சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும்? ராஜினாமாக் கடிதம் யாருக்குக் கொடுக்க வேண்டும்? இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் என் வேலை என்ன ஆகும்? பதில் எழுத்தில் வரும் வரை பழைய வேலையை விடாதீர்கள்.