உள்ள இருக்கறவரோட பேச்சு விட்டுப் போகக்கூடாது: வாசகர் கேள்வி, அக்கா பதில்

அமெரிக்காவுல ஸ்டேட் பிரிசன்ல சொந்தக்காரங்க இருக்கற தமிழ்க் குடும்பங்கள்லேர்ந்து வந்த கேள்விகளை இந்த தடவை ஒண்ணா சேர்த்திருக்கேன். யார் பேரும் போடல, கேட்டவங்க எல்லாருமே பேர் வேண்டாம்னு தான் எழுதியிருந்தாங்க.

கேள்வி: அக்கா, என் தம்பி கலிஃபோர்னியாவுல கவுண்டி ஜெயில்ல (நம்ம ஊர் மாவட்ட ஜெயில் மாதிரி) இருந்த வரைக்கும் தினம் போன் பண்ணுவான். ஸ்டேட் பிரிசனுக்கு மாத்திட்டாங்கன்னு வக்கீல் சொன்னாரு, அதோட சரி, ஒரு போன் கூட இல்ல. எங்க மேல கோவமா, இல்ல அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு அம்மா அழுதுகிட்டே இருக்காங்க.

பதில்: முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, கோவமெல்லாம் இல்ல. தண்டனை ஆனதும் கவுண்டிலேர்ந்து நேரா அவன் தங்கப்போற பிரிசனுக்கு கொண்டுபோக மாட்டாங்க, முதல்ல ரிசப்ஷன் சென்டர்னு ஒரு இடத்துல வெச்சு மெடிக்கல் செக்கப், மனநல செக்கப், எந்த செக்யூரிட்டி லெவல்ல போடறதுன்னு எல்லாம் பாத்துட்டு அப்புறம் தான் வேற பிரிசனுக்கு அனுப்புவாங்க, அதுக்கு வாரக்கணக்குல ஆகும், சில பேருக்கு மாசக்கணக்குலயும் ஆகியிருக்கு. அந்த நேரத்துல போன் ரொம்ப கம்மியா தான் கிடைக்கும். கவுண்டில நீங்க போன் கம்பெனில போட்டு வெச்ச அக்கவுண்ட்டும் இங்க செல்லாம போகலாம், ஏன்னா கவுண்டி வேற நிர்வாகம், ஸ்டேட் வேற நிர்வாகம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, சி.டி.சி.ஆர்.ங்கற கலிஃபோர்னியா சிறைத்துறையோட வெப்சைட்ல பேர் போட்டு தேடி அவனோட புது கைதி நம்பரை எடுங்க. கவுண்டி கொடுத்த நம்பர் இனிமே உதவாது. லெட்டர், பணம், விசிட், எதுக்கா இருந்தாலும் பேரோட அந்த நம்பரையும் சேர்த்து தான் கேப்பாங்க. நம்பர் கிடைச்ச அன்னிக்கே ஒரு சின்ன லெட்டர் போட்டுடுங்க, "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், எங்க போன் நம்பர் இது"ன்னு மட்டும் எழுதினா கூட போதும், ஏன்னா செல்போன்லேர்ந்து பாத்து பாத்து டயல் பண்ணி பழகினவனுக்கு உங்க நம்பர் மனப்பாடமா தெரியாம கூட இருக்கலாம், நிறைய பேர் அங்க போயி முழிக்கறது இதுல தான்.

விசிட் பத்தியும் இப்பவே ஆரம்பிங்க. விசிட்டுக்கு அனுமதி கேக்கற ஃபார்ம் 106-ல அவன் கையெழுத்து போட்டு உங்களுக்கு அனுப்புவான், நீங்க நிரப்பி திருப்பி அனுப்பணும், பின்னணி எல்லாம் செக் பண்ணி தான் அனுமதி வரும். பழைய அரெஸ்ட் ஏதாவது இருந்தா மறைக்காதீங்க. கேஸ் தள்ளுபடி ஆயிருந்தாலும் எழுதிடுங்க, அது இருக்கறதால மறுக்கறதை விட அதை எழுதாம விட்டதால மறுக்கறது தான் அதிகம். போற அன்னிக்கு நீல ஜீன்ஸ் போட்டுக்கிட்டு போகாதீங்க, உள்ள இருக்கறவங்க உடுப்பும் அந்த கலர் தான், வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.

கேள்வி: பென்சில்வேனியாவுல என் மகன் இருக்கான். நான் ஊர்ல இருக்கேன், வயசாயிடுச்சு, போய் பாக்க முடியாது. தமிழ்ல தான் எழுத வரும். எழுதலாமாம்மா?

பதில்: கண்டிப்பா எழுதுங்கம்மா. உங்க கையெழுத்தை பாக்கறதே அவருக்கு பெரிய விஷயம்.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பென்சில்வேனியாவுல 2018-லேர்ந்து சாதாரண தபால் நேரா பிரிசனுக்கு போறதில்ல, ஃப்ளோரிடாவுல இருக்கற ஒரு தனியார் கம்பெனிக்கு போகும், அங்க ஸ்கேன் பண்ணி அந்த காப்பிய தான் பிரிசன்ல பிரிண்ட் எடுத்து கொடுப்பாங்க, ஒரிஜினலை அழிச்சிடுவாங்க. பேப்பர்ல போதைப்பொருளை தடவி அனுப்பறாங்கன்னு காரணம் சொல்லி கொண்டு வந்த முறை இது, இப்ப வேற பல மாநிலங்களும் இப்படி பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு இதுல மனசு ஒப்பவே இல்ல, ஒரு தாய் தொட்டு எழுதின காகிதம் புள்ள கைக்கு போகாம குப்பைக்கு போறதுங்கறது எவ்வளவு பெரிய இழப்புன்னு அந்த முறைய கொண்டு வந்தவங்க யோசிச்சிருக்கணும். அதனால பழைய போட்டோ, அவங்கப்பா எழுதின லெட்டர், விபூதி குங்குமம் இப்படி எதையும் உறைக்குள்ள வெக்காதீங்க, திரும்பி வராது. போட்டோன்னா காப்பி போட்டு அனுப்புங்க. வெள்ளை பேப்பர்ல கருப்பு இங்க்ல கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க, பென்சில்ல எழுதினா ஸ்கேன்ல மங்கிடும்.

தமிழ்ல எழுதறதால லெட்டர் போய் சேர தாமதம் ஆகலாம், அங்க படிச்சு பாக்கறவங்களுக்கு பாஷை புரியணும் இல்லையா. அதனால அமெரிக்காவுல இருக்கற உங்க சொந்தக்காரங்க யாராவது அதே நேரத்துல இங்கிலீஷ்ல நாலு வரி தனியா போட்டா, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு போயிடும். லெட்டருக்கு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடுங்க, எது வரலன்னு அவருக்கே தெரிஞ்சிடும்.

என்ன எழுதறதுன்னு நிறைய பேர் திணறுறாங்க. அறிவுரை வேண்டாம்மா, அது அவருக்கு அங்க வேணுங்கற அளவுக்கு கிடைக்குது. வீட்டுல நடந்ததை எழுதுங்க, யார் வந்தாங்க, யாருக்கு குழந்தை பொறந்துச்சு, உங்களுக்கு கால் வலி எப்படி இருக்கு, இதெல்லாம். கால் வலின்னு எழுதினா கவலைப்படுவானேன்னு மறைக்காதீங்க, மறைக்கறாங்கன்னு தெரிஞ்சா தான் உள்ள இருக்கறவருக்கு ராத்திரி தூக்கம் வராது.

கேள்வி: போன்ல கேஸ் விஷயம் பேசலாமா?

பதில்: பேசவே கூடாது. எல்லா காலும் ரெக்கார்ட் ஆகும், அப்பீல் நிலுவைல இருந்தா அது அப்படியே எதிர்த்தரப்புக்கு போகலாம், தமிழ்ல பேசினாலும் தான். கேஸ் வக்கீலோட மட்டும், லீகல் மெயில், அதாவது வக்கீலோட மட்டும் நடக்கற தபால் வழியா, இல்லன்னா வக்கீலுக்குன்னு இருக்கற கால் வழியா. இன்னொண்ணு, ஊர்ல இருக்கற பாட்டிய கான்ஃபரன்ஸ்ல சேர்த்து விடலாம்னு ஆசையில லைன் போட்டுடாதீங்க, மூணாவது ஆளை சேர்க்கறது பெரும்பாலான இடத்துல விதிமீறல், லைன் கட்டாகும், அவருக்கு போன் உரிமையே கொஞ்ச நாளைக்கு போயிடும்.

கேள்வி: போன் செலவு கட்டுப்படி ஆகல, ஒரு சம்பளத்துல ரெண்டு குடும்பம் ஓட்டற மாதிரி இருக்கு. எல்லா மாநிலத்துலயும் இப்படி தானா?

பதில்: இல்ல, மாநிலத்துக்கு மாநிலம் ரொம்ப வித்தியாசம். பிரிசன் கால் இலவசம்னு முதல்ல சட்டம் போட்ட மாநிலம் கனெக்டிகட், 2021-ல. கலிஃபோர்னியாவுல 2023 ஜனவரிலேர்ந்து இலவசம், அதே வருஷம் மினசோட்டாவும் மாசசூசெட்ஸும் வந்தாங்க. மத்த இடங்கள்ல பெரும்பாலும் நிமிஷக் கணக்கு தான். இந்த கட்டணமெல்லாம் குறையறதுக்கு பின்னாடி மார்த்தா ரைட்னு ஒரு பாட்டி இருக்காங்க, வாஷிங்டன் டி.சி.காரங்க, பேரனோட பேசறதுக்கே இவ்வளவு பணமான்னு 2000-ல வழக்கு போட்டாங்க. அவங்க காலமாகி பல வருஷம் கழிச்சு 2023 ஜனவரில வந்த கூட்டாட்சி சட்டத்துக்கு அவங்க பேரையும் சேர்த்து தான் வெச்சிருக்காங்க, மாநிலத்துக்குள்ள பண்ற காலுக்கும் கட்டண வரம்பு வெக்கற அதிகாரத்தை எஃப்.சி.சி.ங்கற மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு தெளிவா கொடுத்தது அந்த சட்டம் தான்.

உங்களுக்கு நான் சொல்றது, நீளமா எப்பவாவது பேசறதை விட கொஞ்சமா, சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல பேசுங்க. பணம் இல்லாத வாரம் லெட்டர். உள்ள அவர்கிட்ட டேப்ளட் இருந்தா அதுக்கு மெசேஜ் அனுப்பலாம், ஆனா ஒவ்வொரு மெசேஜுக்கும் 'ஸ்டாம்ப்'னு காசு வாங்குவாங்க, கணக்கு பாத்து அனுப்புங்க. சொன்ன நேரத்துல கால் வரலன்னா உடனே பதறாதீங்க, லாக்டவுன்னு எல்லாரையும் அறையிலயே அடைச்சு வெச்சிருக்கலாம், ஆளுங்களை எண்ணற கவுண்ட் முடியாம இருக்கலாம், போன் வரிசைல அவர் முறை வராம போயிருக்கலாம். ஒரு வாரம் தாண்டியும் சத்தமே இல்லன்னா பிரிசனுக்கு போன் பண்ணி அவரோட கவுன்சிலர் இல்லன்னா கேஸ் மேனேஜரை கேளுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார். மாமியார் வீட்டுல "இனிமே போய் பாக்காதே, ஊர் பேசும்"ங்கறாங்க. ஆறு வயசு மகள்கிட்ட அப்பா வேலைக்கு வெளியூர் போயிருக்காருன்னு சொல்லியிருக்கேன். போறதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா?

பதில்: இருக்கும்மா. மினசோட்டா சிறைத்துறையே 2011-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 2003-லேர்ந்து 2007 வரைக்கும் விடுதலையான 16,000-க்கும் மேலான பேரை வெச்சு பாத்தது. உள்ள இருந்தப்போ யாராவது வந்து பாத்த கைதிங்க திரும்ப குற்றத்துல தண்டனை வாங்கற வாய்ப்பு 13 சதவீதம் குறைவா இருந்துச்சு, பரோல் மாதிரி நிபந்தனைய மீறி திரும்ப உள்ள போறது 25 சதவீதம் குறைவு. மாமியார்கிட்ட இதை சொல்லுங்க, அவங்க புள்ள திரும்பி வந்து நிலைச்சு நிக்கணும்னா அவங்களும் உங்க கூட வரணும்னு சொல்லுங்க. ஊர் பேசும், ஒத்துக்கறேன். பேசற ஊர் அவர் வெளிய வர்ற அன்னிக்கு வாசல்ல கார் எடுத்துக்கிட்டு வந்து நிக்காது, நீங்க தான் நிக்கணும்.

மகள்கிட்ட உண்மைய சொல்லிடுங்க. குழந்தை ஸ்கூல்ல வேற யார் வாயிலேர்ந்தாவது கேட்டா அப்பா மேலயும் நம்பிக்கை போகும், உங்க மேலயும் போகும். "அப்பா ஒரு தப்பு பண்ணிட்டாரு, அதுக்கு ஒரு இடத்துல இருக்க சொல்லியிருக்காங்க, உன்னால இல்ல, உன்னை அவருக்கு ரொம்ப பிடிக்கும்" இவ்வளவு போதும், மீதி அவ கேக்க கேக்க சொல்லுங்க. அந்த 'உன்னால இல்ல'ங்கறதை மட்டும் ஒரு தடவைக்கு மேலயே சொல்லுங்க, சின்னப் பிள்ளைங்க வெளிய சொல்லாம தன் மேல தான் போட்டுக்கும்.

கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி மெட்டல் டிடெக்டர், சீருடை போட்ட ஆளுங்க, கதவு சாத்தற சத்தம் இதெல்லாம் இருக்கும்னு அவகிட்ட சொல்லி வெச்சிடுங்க. கட்டிப்பிடிக்கலாமா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தானாங்கறதையும் முன்னாடியே போன் பண்ணி கேட்டுக்கோங்க. பர்த் சர்டிஃபிகேட் எடுத்துக்கோங்க, மாமியார் மட்டும் கூட்டிட்டு போற நாள் வந்தா நீங்க நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்ட சம்மதக் கடிதமும் தேவைப்படும். கிளம்பற அன்னிக்கு காலையில ஒரு தடவை விசிட் உண்டான்னு பாத்துட்டு வண்டிய எடுங்க, லாக்டவுன்னா விசிட் கேன்சல்.